இன்சுலின் பம்பு யாருக்கு?

ஒரு புதிய மருத்துவக் கருவி உலகில் தோன்றியதும், அதைக் கண்டுபிடித்தவர் யார், அது எவ்வாறு வேலை செய்கிறது என்று எல்லோரும் ஆவலோடு கேட்கிறார்கள். அக்கருவி யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார், எந்த நியாயத்தைக் கொண்டு முடிவு செய்தார் என்று கேட்பவர் குறைவு. கருவிக்கு ஒரு வரலாறு இருப்பது போலவே, அதைப் பெறுவதற்கான தகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணியில் இன்சுலின் பம்பு என்னும் சிறு பொறியைப் பெறுவதற்குரிய தகுதி எவ்வாறு வகுக்கப்பட்டது, எவ்வாறு மாறி வந்தது என்பதையே இன்று நான் சொல்ல விரும்புகிறேன். மக்களின் வரிப்பணத்தால் வைத்தியம் நடைபெறும் எந்த நாட்டிலும் இக்கேள்வி எழத்தான் செய்யும். பிரிட்டனில் அதற்கான விடையை எழுத்தில் வடித்துக் காரணத்தோடு வெளியிட்டார்கள். ஆதலால் அதனை நாம் படிப்படியாகத் தொடர்ந்து காண முடிகிறது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நீரிழிவில் பல வகை உண்டு. அவற்றுள் முதல் வகை எனப்படுவது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தோன்றுவது. உடலைக் காக்க வேண்டிய பாதுகாப்பு அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றன. இன்சுலின் இல்லையேல் உண்ட உணவிலுள்ள சர்க்கரை உடலுக்குப் பயன்படாமல் இரத்தத்திலேயே தங்கிவிடும். 1922க்கு முன்பு இந்நோய் வந்த குழந்தை மெலிந்து மெலிந்து இறப்பதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவ்வாண்டு ஜனவரி மாதத்தில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் லியனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. மரணத்தின் வாயிலில் இருந்த சிறுவன் பிழைத்தான். அம்மருந்தைக் கண்டவர்கள் தம் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டார்கள். மருந்து எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

இன்சுலினுக்கு யார் தகுதியுடையவர் என்று கேட்கத் தேவையில்லை. அது இல்லாவிட்டால் உயிர் இல்லை. உயிரைக் காக்கும் பொருள் ஒன்று கையில் இருக்கும்போது, அதையே இன்னும் செம்மையாகச் செலுத்தும் விலையுயர்ந்த வழி ஒன்று தோன்றினால், அப்போதுதான் தகுதி என்னும் கேள்வி தலைகாட்டுகிறது.

பிரிட்டனில் இந்நோயாளிகளுக்காகக் குரல் கொடுக்க 1934ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் இருவர். ஒருவர் ஆர். டி. லாரன்ஸ் என்னும் மருத்துவர். அவர் தாமே நீரிழிவு நோயாளி; இத்தாலியில் இறப்பை எதிர்நோக்கி வாழ்ந்திருந்தபோது இன்சுலின் வந்த செய்தி கேட்டு, 1923இல் லண்டனுக்கு விரைந்து வந்து உயிர் பெற்றவர். மற்றவர் எச். ஜி. வெல்ஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர். அவரும் நீரிழிவு உடையவரே. பின்னர் 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. வைத்தியம் வேண்டுவோர் பெறும் நேரத்தில் பணம் தர வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஆயினும், மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் 1952இல் வந்தது, 1965இல் நீங்கியது, 1968இல் மீண்டும் வந்தது. அப்போது கட்டணம் செலுத்த வேண்டாதவர் பட்டியலில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் இடம்பெற்றனர்.

மருந்து இலவசமாயிற்று. ஆனால் அதைச் செலுத்தும் கருவி? ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் அச்சீட்டில் இலவசமாகக் கிடைக்க 1987ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் நோயாளர் சங்கம் நெடுநாள் வாதாட வேண்டியிருந்தது. மருந்தைக் கொடுக்க முன்வந்த அரசாங்கம் அதை உடலுக்குள் செலுத்தும் கருவியைக் கொடுக்கத் தயங்கியது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பம்பின் கதையிலும் அதே தயக்கத்தை மறுபடி காண்போம்.

இன்சுலின் பம்பு எதற்காக? நலமுள்ள மனிதனின் கணையம் இரவும் பகலும் சிறிது சிறிதாக இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உணவு உட்கொள்ளும்போது கூடுதலாகச் சுரக்கிறது. நாளைக்கு இரண்டு முறையோ நான்கு முறையோ குத்திக்கொள்ளும் ஊசி அந்த ஓட்டத்தை முழுதும் ஒத்திருக்க முடியாது. ஆகவே, சிறு பொறி ஒன்றை இடுப்பில் அணிந்து, மெல்லிய குழாய் வழியாகத் தோலுக்கடியில் இன்சுலினை இடைவிடாமல் செலுத்தினால் என்ன என்று சிலர் எண்ணினர். அமெரிக்காவில் ஆர்னால்ட் காடிஷ் என்பவர் 1960களில் அமைத்த முதற்பொறி முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டிய அளவினதாயிருந்தது. பின்னர் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் பிக்கப், ஹாரி கீன் முதலியோர், மில் ஹில் என்னுமிடத்திலிருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சிறிய பொறியைக் கொண்டு இம்முறையைச் சோதித்து, 1978ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டனர். தோலுக்கடியில் இடைவிடாது இன்சுலின் செலுத்தும் இன்றைய முறைக்கு அதுவே தோற்றுவாய்.

இங்கே வியப்பான செய்தி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பொது மக்களின் பணத்தால் நடைபெற்ற மருத்துவமனையிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் பிறந்த இம்முறை, பிறந்த நாட்டில் பல ஆண்டுகள் அருகியே வழங்கியது. அமெரிக்காவிலோ அது வாணிகப் பொருளாகி வேகமாகப் பரவியது. தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பம்பில் விரைவில் செயற்பட்டு விரைவில் தீர்ந்துவிடும் இன்சுலினையே நிரப்புகிறார்கள். குழாய் அடைபட்டாலும் ஊசி நழுவினாலும் சில மணி நேரத்தில் இரத்தம் அமிலத்தன்மை அடைந்து உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். தோலில் செருகிய ஊசியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு நாளில் பல முறை இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். கற்றுக்கொள்ளவும் கவனிக்கவும் மனமில்லாதவரிடம் அப்பொறி நன்மையைவிடத் தீமையையே செய்துவிடலாம்.

1993ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைக் கொண்டு பத்தாண்டு நடைபெற்ற பெரும் சோதனையின் முடிவு அவ்வாண்டில் வெளியாயிற்று. இரத்தச் சர்க்கரையை இயல்பான அளவுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் கேடுகள் பெரிதும் குறையும் என்று அது ஐயமற நிறுவியது. ஆனால் அதே சோதனை மற்றோர் உண்மையையும் காட்டியது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, அது அளவுக்கு மீறித் தாழ்ந்து நினைவிழக்கும் விபத்து ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. சர்க்கரையை உயரவிட்டால் நாளடைவில் கண் போகலாம்; தாழவிட்டால் இன்றிரவே உணர்விழந்து விழலாம். இருதலைக் கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்பைப் போல நோயாளி தவித்தான். இத்தவிப்புக்குப் பம்பு ஓரளவு மாற்றாகும் என்று மருத்துவர்கள் கருதத் தொடங்கினர்.

அப்போது பம்பு பெற விரும்பிய பிரிட்டிஷ் நோயாளி யாரிடம் போய்க் கேட்பது? நாடு முழுமைக்கும் பொதுவான விதி இருக்கவில்லை. ஒரு வட்டாரத்தின் சுகாதார அதிகாரிகள் பணம் ஒதுக்குவார்கள். பக்கத்து வட்டாரத்தினர் மறுப்பார்கள். ஒருவனது நோய் எத்தகையது என்பதைவிட அவன் வீட்டு முகவரி எது என்பதே முடிவைச் செய்கிறது என்று மக்கள் குறைகூறினார்கள். இக்குறையை நீக்குவதற்காகவே 1999இல் நைஸ் என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் நிறுவனம் அமைக்கப்பட்டது. புதிய மருந்தையும் கருவியையும் ஆராய்ந்து, அவை தரும் நன்மை செலவுக்குத் தக்கதா என்று பரிந்துரைப்பது அதன் பணி. மதிப்பீட்டில் தேறிய சிகிச்சைக்கு மூன்று மாதத்துக்குள் பணம் ஒதுக்க வேண்டும் என்ற கட்டளையும் 2002இல் பிறந்தது.

மருத்துவத்தைத் திருவள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்று நான்கு கூறாக வகுத்தார். இக்காலத்தில் ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார்: கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பவர். அவரை வெறுப்பது எளிது. ஆனால் அவர் எப்படிக் கணக்குப் பார்த்தார் என்று அறிந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

2003ஆம் ஆண்டில் இன்சுலின் பம்பு பற்றிய முதல் விதி வெளியாயிற்று. முதல் வகை நீரிழிவு உடையவர்களுள், நாளொன்றுக்குப் பல ஊசி என்னும் முறை தோல்வியுற்றவர்களுக்குப் பம்பு கொடுக்கலாம் என்றது அது. தோல்வி என்றால் என்ன? கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதன் அளவை நூற்றுக்கு 7.5க்கு மேல் போகாமல் வைக்க முயலும்போதெல்லாம், வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகுமானால் அதுவே தோல்வி. பொறியைக் கையாளும் ஈடுபாடும் திறமையும் அந்நோயாளிக்கு இருக்க வேண்டும் என்றும் விதி சொன்னது.

2008 ஜூலையில் விதி திருத்தி எழுதப்பட்டது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இரண்டு வாயில்கள் வகுக்கப்பட்டன. சர்க்கரை முடக்கும் அளவுக்குத் தாழ்ந்துபோதல் ஒன்று. நல்ல கவனிப்பு இருந்தும் எச்பிஏ1சி அளவு 8.5 அல்லது அதற்கு மேல் நிற்பது மற்றொன்று. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பல ஊசி முறை நடைமுறைக்கு ஒவ்வாது என்று மருத்துவர் கருதினால் போதும். ஆனால் அக்குழந்தை 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையே ஊசி முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சிறப்பு மருத்துவர், நீரிழிவுச் செவிலி, உணவு வல்லுநர் ஆகியோர் கொண்ட பயிற்சி பெற்ற குழுவே பம்பைத் தொடங்கி வைக்க வேண்டும். பம்பு அணிந்த பின் நிலையான முன்னேற்றம் காணப்பட்டாலன்றி அதைத் தொடரக் கூடாது.

இவ்விதிகளை முதன்முதலில் படித்தபோது என் மனம் ஒப்பவில்லை. இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி நாளைக்கு எட்டு முறை விரலைக் குத்திச் சோதிக்கிறாள். நள்ளிரவில் மணி வைத்து எழுகிறாள். ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி உண்கிறாள். அவள் அளவு 7.8இல் நிற்கிறது. மற்றொருத்தியும் தன்னால் இயன்றதைச் செய்கிறாள்; அவள் அளவு 8.6. பின்னவளுக்குப் பம்பு உண்டு, முன்னவளுக்கு இல்லை. பாடுபட்டுப் படித்தவளுக்குப் பரிசு இல்லை என்பது போலல்லவா இது இருக்கிறது?

மேலும் ஆராய்ந்தபோது விதியின் நியாயம் ஓரளவு விளங்கியது. அது பரிசளிப்பு விழாவுக்காக எழுதப்பட்டதன்று. அக்காலத்தில் பொறி ஒன்றின் விலை ஏறத்தாழ 2,000 முதல் 3,000 பவுண்டு. அதற்கு மேல் குழாய், ஊசி முதலியவற்றுக்கு ஆண்டுதோறும் செலவு. ஒருவருக்கு ஓராண்டு நலவாழ்வைத் தருவதற்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவிடலாம் என்பதையே நைஸ் நிறுவனம் பல ஆண்டுகள் எல்லையாகக் கொண்டிருந்தது. அளவு மிக உயர்ந்தவருக்கே பம்பினால் குறையும் சர்க்கரையும் மிகுதி, தவிர்க்கப்படும் கேடும் மிகுதி. அவருக்குச் செலவிடும் பணமே அதிகப் பலன் தரும். இங்கே மறுக்கப்படும் பணம் யாருடைய பெட்டியிலும் தூங்குவதில்லை. வேறொரு நோயாளியின் மருந்தாகிறது. பெயர் தெரியாத அந்நோயாளியையும் நினைத்தே விதி எழுத வேண்டும்.

அவ்விதியில் மற்றொரு நற்பண்பையும் கண்டேன். முடக்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்தல் என்பதற்கு அவர்கள் கூறிய இலக்கணம் இது: முன்னறிய முடியாதவாறு அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து, மீண்டும் எப்போது நேருமோ என்ற இடையறாத கவலையைத் தந்து, வாழ்க்கையின் இயல்பை வெகுவாகக் குலைக்கும் நிலை. எத்தனை முறை மயங்கி விழுந்தாய் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி வாழ்கிறாயா என்றும் கேட்டார்கள். தூங்கப் போகும்போது காலையில் விழிப்போமா என்று ஐயுறும் மனிதனின் அச்சம், அரசாங்கத்தின் விதியில் ஒரு தகுதியாக ஏறியது. கணக்கர்கள் எழுதிய ஏட்டில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆயினும் விதி விட்டுவிட்டவை சில உண்டு. 7.8 என்ற அளவை எட்டுவதற்காக முதற்பெண் கொடுத்த விலை, அவள் இழந்த உறக்கம், எந்தப் பரிசோதனையிலும் தெரிவதில்லை. தோல்வி என்ற சொல்லும் உறுத்தத்தான் செய்கிறது. தோற்றது ஊசி முறையே என்று விதி எழுதியவர் கருதினார். தோற்றது நானே என்று நோயாளி கேட்டுக்கொண்டான். பம்போடு வளர்ந்த ஒரு குழந்தை, இளமைப் பருவத்தின் கொந்தளிப்பான ஆண்டுகளில் ஊசிக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பெற்றோருக்குக் கலக்கமூட்டுவதாகவே இருந்திருக்கும்.

எழுதிய விதி தானே நடந்துவிடுவதும் இல்லை. 2013ஆம் ஆண்டில் பிரிட்டன் முழுவதும் கணக்கெடுத்தபோது, முதல் வகை நீரிழிவு உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேரும், குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேருமே பம்பு அணிந்திருந்தனர். தகுதியுடையவனுக்கு உரிமை இருந்தது. அவ்வுரிமையைக் கையில் கொடுப்பதற்குப் பயிற்சி பெற்ற செவிலியும் உணவு வல்லுநரும் வேண்டும். அவர்கள் போதிய அளவு இல்லாத ஊரில் உரிமை ஏட்டோடு நின்றது.

பொறியை மட்டும் தெய்வமாக்குவதும் தவறு. 2017ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. உணவின் மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் அளவை அமைத்துக்கொள்ளும் பயிற்சியை எல்லோருக்கும் முதலில் அளித்து, பிறகு ஒரு சாராருக்குப் பம்பும் மற்றொரு சாராருக்குப் பல ஊசியும் கொடுத்தார்கள். இரு சாராரும் முன்னேறினர். எச்பிஏ1சி அளவில் பம்பு அணிந்தவர்கள் பெரிதாக விஞ்சிவிடவில்லை. பயிற்சி பெறாதவனுக்குப் பொறி கொடுப்பதைவிட, முதலில் அறிவைக் கொடுப்பது அவசியம் என்று அச்சோதனை உணர்த்தியது.

இதற்குள் விஞ்ஞானம் வேறொரு படி ஏறிவிட்டது. தோலில் ஒட்டிய சிறு உணர்கருவி ஒன்று சர்க்கரையை இடைவிடாது அளக்கிறது. அது அனுப்பும் எண்ணைக் கொண்டு, கணக்கிடும் பொறியே பம்பின் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. உணவு நேரத்தில் மட்டும் நோயாளி அளவைச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் எழுந்து பார்க்கும் காவற்பணியைப் பொறி ஏற்றுக்கொண்டது.

இக்கூட்டுக் கருவிக்கான விதி 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கும் இளையோருக்கும், அந்நோயுடன் கருவுற்றிருக்கும் அல்லது கருவுற எண்ணும் பெண்களுக்கும் எந்த அளவையும் காட்டச் சொல்லாமல் அது வாயிலைத் திறந்தது. மற்றப் பெரியவர்கள், ஏற்கெனவே பம்போ உணர்கருவியோ கொண்டு முயன்றும் 7.5 அல்லது அதற்கு மேல் நின்றால், அல்லது முடக்கும் தாழ்வு இருந்தால், தகுதியுடையவர். 2008இல் 8.5 என்றிருந்த எண் 7.5 ஆயிற்று. நான் முன்பு கூறிய முதற்பெண், 7.8இல் நின்று வெளியே காத்திருந்தவள், இப்போது உள்ளே வரலாம். ஆனால் பணமும் பயிற்சியாளரும் ஒரே நாளில் சேரமாட்டார்கள் என்பதை உணர்ந்து, வழக்கமான மூன்று மாதத்துக்கு மாறாக, ஐந்தாண்டில் படிப்படியாக இங்கிலாந்தில் இதை நிறைவேற்றலாம் என்று காலம் குறித்தார்கள். 2024 ஏப்ரலில் அப்பணி தொடங்கியது.

இருபது ஆண்டுக் காலத்தில் தகுதி என்ற சொல்லின் பொருளே நகர்ந்திருப்பதைக் காண்கிறோம். 2003இல் நோயாளி தன் சிகிச்சை தோற்றதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2023இல் ஒரு குழந்தை எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நோய் இருப்பதே போதும். இந்நகர்ச்சைக்குக் கருவி சிறந்ததும் ஒரு காரணம். ஒப்புக்கொண்ட விலைக்குள் கிடைத்தால்தான் வாங்குவோம் என்று நைஸ் நிறுவனம் உறுதியாக நின்றதும் ஒரு காரணம். தம் குறையை விடாமல் எடுத்துச் சொன்ன நோயாளரும் மருத்துவரும் மற்றொரு காரணம். இவர்கள் எதிர்த்து வாதாட முடிந்ததற்கு, விதி எழுத்தில் இருந்ததும் அதன் காரணம் எல்லோரும் படிக்கக் கிடைத்ததுமே உதவின. அதிகாரியின் மனத்துக்குள் மறைந்திருக்கும் விதியை யாரும் திருத்த முடியாது.

பொதுப் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பது எந்த நாட்டிலும் உண்மை. ஆதலால் வாயில் ஒன்று இருந்தே தீரும். அவ்வாயிலில் நிற்பவர் என்ன கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்பதை உள்ளே வருபவனும் திரும்பிப் போகிறவனும் அறிந்திருக்க வேண்டும். திரும்பிப் போனவன் மறுபடி வந்து தட்டும்போது, அவன் சொல்லும் குறையைக் கேட்டு வாயிலைச் சற்று அகலமாக்கும் மனமும் அங்கே இருக்க வேண்டும். இன்சுலின் பம்பின் வரலாற்றில் அம்மனம் மெதுவாகவே அசைந்தது, ஆயினும் அசைந்தது. அது அசைவதற்கு ஆன ஆண்டுகளில் நள்ளிரவுதோறும் விழித்து விரலைக் குத்திக்கொண்டவர்களையும் நாம் மறந்துவிடலாகாது.